‘இங்கிலீஷ் புளூபெல்’ கிழங்குப் பை: சென்னைத் தொட்டிக்கு வாங்கலாமா?

ஆவணி பிறந்ததும் இணையக் கடைகளில் இந்தப் பை தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது. அட்டையில், தரையெங்கும் மணி போன்ற நீலப் பூ பூத்து, கம்பளம் விரித்தது போல ஒரு காடு. மேலே ‘இங்கிலீஷ் புளூபெல், 10 பல்பு’ என்றும், கீழே சின்ன எழுத்தில் ‘இந்தியா முழுவதற்கும் ஏற்றது’ என்றும் போட்டிருக்கிறார்கள். விலை 599 ரூபாய், அனுப்பும் கூலி தனி. மாடித் தோட்டம் வைத்திருக்கிற யாருடைய கண்ணிலும் இது படாமல் போகாது. கேள்வி ஒன்றுதான்: வாங்கலாமா?

சென்னைக்கு வேண்டாம். ஐந்துக்கு ஒரு மதிப்பெண். அதுவும் பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்ததற்கு. ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும். பூக்காத தொட்டியைப் பார்த்து ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இதற்கும் கைராசிக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் பைக்குள் இருப்பதைப் பார்ப்போம். உண்மையான இங்கிலீஷ் புளூபெல்லின் தாவரப் பெயர் ஹயசிந்தாய்டிஸ் நான்-ஸ்கிரிப்டா. கிழங்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் குறுக்களவு, முட்டை வடிவம், பால் வெள்ளை. உரித்த சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். வெங்காயத்தைப் போர்த்தியிருக்கிற காய்ந்த சருகுத்தோல் இதற்குக் கிடையாது. அந்தத் தோல் இல்லாததுதான் பாதிச் சிக்கல். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பாற்ற வழியில்லாத கிழங்கு இது. மண்ணை விட்டு எடுத்த நாளிலிருந்தே வற்றத் தொடங்கும். அதனால்தான் பிரிட்டனில் விவரம் தெரிந்தவர்கள் பூ முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே, வேரும் மண்ணுமாகத் தோண்டி விற்கும் செடியை வாங்குகிறார்கள். இங்கே வருவதோ மரத்தூளில் புதைத்து, கிடங்கில் பல வாரம் கிடந்து, கொரியர் வண்டியின் சூட்டில் வெந்த கிழங்கு. பத்தில் மூன்றை விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கின. இரண்டின் அடித்தட்டில் பச்சைப் பூஞ்சணம். அடித்தட்டுதான் வேர் கிளம்பும் இடம். அங்கே அழுகியது எந்த மருந்துக்கும் திரும்பாது.

பெட்டி வந்தவுடன் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்து எடை பாருங்கள். அளவுக்குக் கனமாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஊதா அல்லது பழுப்பு நிறத்தில் காகிதத் தோல் இருந்தால் அது புளூபெல்லே இல்லை. ஹயசிந்தோ மஸ்காரியோ மாறி வந்திருக்கிறது. தோல் இல்லை, ஆனால் கிழங்கு நன்றாகப் பெருத்திருக்கிறது என்றால் ஸ்பானிஷ் புளூபெல்லாகவோ, இரண்டும் கலந்த கலப்பினமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்லப் பூ வேண்டும். இங்கிலீஷ் வகையில் பூந்தண்டின் நுனி ஒரு பக்கமாகத் தலைகுனியும், மணிகள் பெரும்பாலும் அந்த ஒரே பக்கத்தில் தொங்கும், இதழ் நுனி நன்றாகப் பின்னால் சுருளும், மகரந்தம் பால் நிறம், நல்ல வாசனை உண்டு. ஸ்பானிஷ் வகையின் தண்டு விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், பூ சுற்றிலும் இருக்கும், இலை அகலம், மகரந்தத்தில் நீலம் தட்டும், வாசனை இருக்காது என்றே சொல்லலாம். அட்டைப் படத்தில் இருப்பது முதல் வகை, பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் இரண்டாவது. இது சென்னைக்கு மட்டும் நடக்கும் ஏமாற்று இல்லை, பிரிட்டன் நர்சரிகளிலேயே இந்தக் குழப்பம் உண்டு.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. ஸ்காட்லாந்தில் புளூபெல் என்றால் கம்பானுலா. டெக்சஸ் புளூபெல் என்பது நம் பூங்கொத்துக் கடைகளில் லிசியந்தஸ் என்று விற்கும் பூ. மெக்சிகன் புளூபெல் என்பது சாலை நடுத்திட்டுகளிலும் அபார்ட்மெண்ட் வாசல்களிலும் வரிசையாக நட்டிருக்கும் ஊதாப் பூ ருயெல்லியா. கலிஃபோர்னியா புளூபெல் ஒரே பருவத்தில் முடிந்துபோகும் விதைச் செடி. ஆகவே ‘புளூபெல் விதை, 100’ என்று 99 ரூபாய்க்கு வரும் பொட்டலத்தை இன்னும் சந்தேகமாகப் பாருங்கள். உண்மையான புளூபெல் விதை கறுப்பாக, உருண்டையாக, கடுகு அளவில் பளபளப்பாக இருக்கும். தூசி மாதிரி இருந்தால் அது வேறு செடி. உண்மையான விதையே வந்தாலும், முளைத்த செடி முதல் பூவைக் காட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகும். முதல் ஆண்டில் தெரிவது புல் போல ஒரே ஓர் இலை.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் புளூபெல் இருக்கிறது. காட்டில் தோண்டிய கிழங்கையோ விதையையோ விற்பதற்கு 1998 முதல் தடை. நர்சரியில் வளர்த்ததைத்தான் விற்கலாம். இந்தியாவுக்குள் கிழங்கு வர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. நாங்கள் பார்த்த பையில் நாட்டின் பெயரும் இல்லை, சான்று எண்ணும் இல்லை, கிழங்கு எடுத்த மாதமும் இல்லை. விற்பவரிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இனி முக்கியமான இடம். கிழங்கு நல்ல கிழங்காகவே வந்தாலும் சென்னையில் ஏன் நிலைக்காது? அதற்கு அதன் சொந்தக் காட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

புளூபெல் மேற்கு ஐரோப்பாவின் பூ. வடமேற்கு ஸ்பெயினில் தொடங்கி, பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக பிரிட்டன், அயர்லாந்து வரை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே ஹாலர்போஸ் என்ற காடு இதற்காகவே பேர்பெற்றது. அங்கெல்லாம் ஓக், பீச் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் இலையில்லாமல் நிற்கும். மே மாதம் பாதி கடப்பதற்குள் புது இலை விரிந்து கூரை போட்டுவிடும். பிறகு தரையில் இருட்டு. குளிர் தளர்வதற்கும் கூரை மூடுவதற்கும் நடுவே கிடைக்கும் சில வாரத்து வெளிச்சம்தான் புளூபெல்லின் மொத்தச் சம்பாத்தியம். அந்த வெளிச்சத்தில் செய்த உணவைத்தான் ஆண்டு முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டும்.

அதனால் அது முந்திக்கொள்கிறது. முந்தைய கோடையிலேயே, வெளியே எதுவும் தெரியாத நாளில், கிழங்குக்குள் இலையும் மொட்டும் சின்னதாக உருவாகி முடிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் வேர் இறங்கும். கடுங்குளிரில் மற்ற செடிகளுக்குச் செல் பிரிந்து வளர்வது சிரமம். புளூபெல்லோ ஏற்கெனவே பிரிந்து தயாராக இருக்கும் செல்களில் தண்ணீரை ஏற்றி நீட்டினால் போதும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே இலை மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். ஏப்ரல், மே மாதங்களில் பூ. ஜூன், ஜூலைக்குள் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு கரைந்து, அதே இடத்தில் புதிது உருவாகிறது. சுருங்கும் தன்மையுள்ள வேர்கள் அதை ஆண்டுக்கு ஆண்டு கீழே இழுக்கும். 25 சென்டிமீட்டர் ஆழம் வரை போவதுண்டு. வேரில் மயிரிழை போன்ற தூவி வேர்கள் கிடையாது. மண்ணிலிருக்கும் பாஸ்பரஸை எடுத்துக்கொடுப்பது வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை. இந்தக் கூட்டு, பல காலம் கலையாத இலைமக்கு மண்ணில் நன்றாக நடக்கும். விதைக்குப் பறக்கவோ ஒட்டிக்கொள்ளவோ வழியில்லாததால் செடி மெதுவாகத்தான் பரவும். ஆகவே நீலக் கம்பளம் இருக்கிறதென்றால், அது வெகுகாலமாகக் காடாகவே இருந்த நிலம் என்று படிக்கலாம். அந்தக் காடுகளில் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பதும் இதனால்தான்: மிதிபட்ட இலை மீண்டும் நிமிராது, அந்த ஆண்டுச் சம்பாத்தியம் போச்சு, கிழங்கு இளைத்துவிடும், அது தேற ஆண்டுகள் பிடிக்கும்.

இந்தக் கணக்கைச் சென்னைக்குக் கொண்டுவாருங்கள். இதுபோன்ற வசந்தகாலக் கிழங்குகளுக்குப் பூந்தண்டு நீள்வதற்கு 9 டிகிரிக்குக் கீழே மூன்று மாதம் போலக் கிடக்க வேண்டும். நம் மார்கழி, தை மாதங்களின் இரவு சராசரி 21 டிகிரி போல இருக்கும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரி, அதுவும் நூறு ஆண்டுக்கு மேல் முன்பு. அதாவது சென்னையின் வரலாற்றிலேயே குளிர்ந்த இரவுகூட இந்தக் கிழங்குக்குப் போதாது. குளிர் கிடைக்காத கிழங்கு என்ன செய்யும்? சூட்டில் மூச்சு வாங்கி, சேமித்த மாவை எரித்துக்கொண்டே இருக்கும். வேர் போடாது, அல்லது இரண்டு மெலிந்த இலையைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நீர் கோத்து, மூச்சடைத்து அழுகும். மழையில் தப்பியது கத்திரி வெயிலில் வேகும்.

நம் ஊர் மரங்களும் இலை உதிர்க்கின்றனவே என்று கேட்கலாம். உதிர்க்கின்றன. புங்கமும் வேம்பும் மாசி, பங்குனியில் உதிர்த்து உடனே துளிர்க்கும். ஆனால் அந்த வெளிச்சம் வரும்போது மண்ணில் ஈரம் இல்லை, மேலே வெயில் ஏறுகிறது. அங்கே கிழங்கை எழுப்புவது குளிர், இங்கே கிழங்கை எழுப்புவது மழை. இரண்டும் வேறு வேறு கடிகாரம். அட்டையில் ‘இந்தியா முழுவதற்கும்’ என்று அச்சிட்டவர் இந்த ஒன்றைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் மறைத்திருக்கிறார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஒருமுறை பூ பார்க்க ஒரு வழி உண்டு, ஃபிரிட்ஜ். உறுதி சொல்ல முடியாது, ஆனால் முறை இது. கெட்டியான கிழங்குகளை மட்டும் பிரித்தெடுத்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாத் தூள்) கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் போக ஆற்றுங்கள். கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவைக் கையில் பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத ஈரத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டை போட்ட பையில் கிழங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். காய்கறித் தட்டில், 4 முதல் 7 டிகிரியில், 12 முதல் 14 வாரம். செப்டம்பர் நடுவில் வைத்தால் டிசம்பர் கடைசியில் எடுக்கலாம். உறைபெட்டியில் வைத்தால் அன்றே செத்துவிடும். அதே தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை திறந்து, அழுகியதை எடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து மேலோட்டமாகப் படிக்க வேண்டாம். இந்தக் கிழங்கு நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் செடி முழுவதும் இருக்கின்றன. பார்வைக்கு உரித்த சின்ன வெங்காயம். இருக்கும் இடமோ காய்கறித் தட்டு. சமைப்பவர் ஒருவர், வைத்தவர் வேறொருவர் என்ற வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மூடியுள்ள டப்பாவுக்குள் பையை வைத்து, ‘விஷக் கிழங்கு, உணவு அல்ல’ என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செடியின் சாறு அந்தக் காலத்தில் புத்தகக் கட்டுக்கும் அம்பில் இறகு ஒட்டவும் பசையாகப் பயன்பட்டது. அத்தனை பிசுபிசுப்பு, தோலில் அரிப்பும் வரலாம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு: 10 அங்குலத் தொட்டி, 25 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, இலைமக்கு இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. மண்புழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், பச்சைச் சாணம் அறவே கூடாது. கூர்முனை மேலே பார்க்க, 10 சென்டிமீட்டர் ஆழத்தில், ஐந்து கிழங்கு. காலை வெயில் மட்டும் படும் வடகிழக்கு மூலையில், 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். மாடியின் சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் தரைச் சூடு ஏறாது. இப்படிச் செய்தும் அடிக்கடி நடப்பது, தண்டு நீளாமல் இலைக்கு நடுவிலேயே மொட்டு நின்றுபோவது. குளிர் நாள் போதவில்லை, அல்லது வெளியே எடுத்ததும் சூடு ஒரேயடியாகத் தாக்கிவிட்டது என்று பொருள். எடுத்த முதல் வாரம் ஏ.சி. ஓடும் அறையின் சன்னலோரம் வைத்தால் சற்றுத் தேறும். பூ வந்தாலும் சில நாள்தான். அடுத்த ஆண்டுக்கு அந்தக் கிழங்கை நம்ப வேண்டாம்; சூட்டில் இலை சீக்கிரம் காய்வதால் புதுக் கிழங்கு பெருக்க நேரமே கிடைத்திருக்காது. 599 ரூபாய்க்கும் மூன்று மாத ஃபிரிட்ஜ் இடத்துக்கும் இது கட்டுப்படியாகாது.

நீலமணிப் பூ கையில் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் லிசியந்தஸ் கொத்து வாங்குங்கள். தண்டைச் சாய்வாக வெட்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். நீலம் தரையில் படர வேண்டும் என்றால் விஷ்ணுகிரந்தி இருக்கிறது. பூ சின்னதுதான், ஆனால் நம் வெயிலில் பிறந்தது.

புளூபெல்லின் உறவுக்காரரே நம் மண்ணில் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. நரிவெங்காயம், அதே குடும்பம், அதே துணைக்குடும்பம். தமிழ்நாட்டின் வறண்ட மேடுகளில், இலை ஒன்றும் இல்லாத கோடையில், வெறும் மண்ணிலிருந்து நெட்டையாக ஒரு தண்டு எழும்பி, மங்கிய நிறத்தில் மணி மணியாகப் பூக்கும். அதன்பிறகுதான் மழைக்கு இலை. இதுவும் நஞ்சு, மருந்துக்காக ஏற்கெனவே நிறையத் தோண்டப்படுகிறது. பார்த்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிடுங்க வேண்டாம்.

தொட்டிக்கு எங்கள் பரிந்துரை இரண்டு. ஒன்று மழை லில்லி. அமெரிக்கக் கண்டத்துச் செடிதான், ஆனால் அதன் கடிகாரமும் மழைதான், அதனால் இங்கே பொருந்திப் போகிறது. 12 அங்குலத் தொட்டியில் பத்துக் கிழங்கு, 4 சென்டிமீட்டர் ஆழம், அரை நாளாவது நல்ல வெயில். இரண்டு, மூன்று வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டி நனைந்து வழியும்படி ஒரே தடவையாக ஊற்றினால் ஒரு வாரத்துக்குள் மொட்டு எழும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் இது இலையாகவே நின்றுவிடுகிறது. கறுப்புத் தகடு போன்ற விதையை உதிர்ந்த அன்றே தூவுங்கள், வைத்திருந்தால் முளைப்பு குறையும்.

இன்னொன்று ஃபுட்பால் லில்லி, சிலர் மே மலர் என்பார்கள். ஆப்பிரிக்கக் கிழங்கு, கோடையில் செந்நிறப் பந்தாகப் பூக்கும். கழுத்து மண்மட்டத்துக்குத் தெரிகிற மாதிரி நட வேண்டும், ஆழப் புதைத்தால் இலை மட்டும் வரும். கூட்டமாக நெருக்கிக்கொண்டு இருப்பதை விரும்பும், ஆண்டுதோறும் கிளறாதீர்கள். கார்த்திகையில் இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்துக்கு, சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். அந்த மூன்று, நான்கு மாதம் தொட்டி வெறும் மண்ணாகத்தான் தெரியும். செத்துவிட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் பலர். பங்குனிக் கடைசியில் புள்ளி விழுந்த தடித்த முளை மண்ணை முட்டும். அன்றைக்கு முதல் குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள்.